போர்க்காலச் சரக்குக் கப்பலில் அன்றாடம் என்னதான் வேலை நடந்தது? (ஒரு லிபர்ட்டி கப்பலைப் பார்த்துவிட்டு வந்த கேள்வி)

வளைகுடா பாலு:

ஊரிலிருந்து மாமனார் வந்திருக்கிறார். பாலம், சிறைத்தீவு எல்லாம் காட்டியாயிற்று, இன்னும் அரை நாள் மிச்சம். சரி என்று சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் நிற்கும் ஜெரமையா ஓ'பிரையன் கப்பலுக்குக் கூட்டிப் போனேன். இரண்டாம் உலகப் போரில் ஓடிய லிபர்ட்டி ரகச் சரக்குக் கப்பல். 1943 ஜூனில் மெய்ன் மாநிலத்து சவுத் போர்ட்லாண்டில் கடலில் இறக்கியிருக்கிறார்கள். கட்டி முடிக்க 56 நாள். நம் அடுக்ககத்தில் லிப்ட் பழுது பார்க்கவே அதைவிட அதிக நாள் ஆகிறது.

மாமனார் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் பக்கம் 30 வருஷம் இருந்தவர். எங்கள் நல்ல நேரம், அன்று எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். இரும்பு ஏணியில் தளம் தளமாக இறங்கினால், இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு நீராவி எஞ்சின். மூடி, கவசம் எதுவும் கிடையாது. தண்டுகள் மேலும் கீழும் போவதும், அடியில் கிராங்க் சுழல்வதும் கண்ணெதிரே தெரிகிறது. சூடான எண்ணெய் வாசம், ஈரமான வெக்கை. நான் எதிர்பார்த்த இரைச்சல் இல்லை, மெத்தென்று ஒரு 'ஹுஸ்... ஹுஸ்...' மட்டும்தான்.

அங்கே எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தன்னார்வலர் எண்ணெய்க் குப்பியோடு நின்றார். சுழன்று வரும் அந்தக் கிராங்கை நோக்கிக் கையை நீட்டி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எடுத்தார். அடுத்த சுற்றில் மறுபடி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாமனார் மட்டும் சிரித்துக்கொண்டே, "பேரிங் சூடு பாக்குறாரு" என்றார். அதற்குப் பிறகு அவரை மேலே கூட்டி வருவது பெரும்பாடாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே யோசனை. போர்க்கப்பல் கதை ஆயிரம் கேட்டிருக்கிறோம். இந்தச் சரக்குக் கப்பலில் இருந்தவர்கள் நாள் முழுக்க என்னதான் செய்தார்கள்? கடல் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய அஞ்சாவது:

எனக்கு 81 ஆகிறது. நான் சொல்லச் சொல்ல பேத்தி தட்டச்சு செய்கிறாள், பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

1966-ல் ஐந்தாம் எஞ்சினியராக நான் ஏறிய முதல் கப்பலே ஒரு லிபர்ட்டிதான். போர் முடிந்ததும் நூற்றுக்கணக்கில் மலிவாக விற்றார்கள். கொடி ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு, நாங்கள் ஒரு நாடு. கம்பெனி பெயர் வேண்டாம்.

உங்கள் மாமனார் சொன்னது சரி. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 76 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். தன் வேலை முறை (வாட்ச்) முழுக்க, எண்ணெய் விடுகிற ஆயிலர் ஒவ்வொரு கிராங்கையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெதுவெதுப்பு என்றால் சரி. கை பொறுக்காத சூடு என்றால் உள்ளே இருக்கும் வெள்ளை உலோகம் உருகப் போகிறது என்று அர்த்தம். அதைச் சொல்ல வேறு கருவி கிடையாது, கைதான் கருவி.

கையை எப்படி விடுவது? ஆட்டுக்கல்லில் மாவாட்டும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை குழவியைச் சுற்றும், மறு கை குழவி போன இடத்தில் மாவைத் தள்ளிவிட்டு, அது திரும்பி வருமுன் வெளியே வந்துவிடும். விரல் நசுங்குவதில்லை. அதே தாளம்தான். கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். உடம்பு எஞ்சினோடு சேர்ந்து ஆட வேண்டும். எனக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை செகண்ட் எஞ்சினியர் என்னைத் திட்டாத திட்டு இல்லை.

வாட்ச் என்பது 4 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் ஓய்வு, மறுபடி 4 மணி நேரம். கீழே ஒரு எஞ்சினியர், ஒரு ஆயிலர், கொதிகலன் முன்னால் ஒரு ஃபயர்மேன், மூன்றே பேர். எங்களுக்கு அது வெறும் சலிப்பு. போர்க்காலத்தில் அதே வேலையைப் பார்த்தவர்கள் நீர்மட்டத்துக்குக் கீழே நின்றுகொண்டு பார்த்தார்கள். டார்பிடோவுக்குப் பிடித்த இடமே எஞ்சின் அறை. அடித்தால் கப்பல் அங்கேயே நின்றுவிடும். ஏணிக்கு ஓட எத்தனை நொடி ஆகும் என்று ஒவ்வொருவனும் மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பான்.

இன்னொன்று, தண்டுச் சுரங்கம். எஞ்சின் அறையிலிருந்து பின்னால் கப்பலைத் தள்ளும் விசிறி வரைக்கும் சரக்கு அறைகளுக்கு அடியில் ஒரு குறுகலான வழி. உள்ளே சுழலும் தண்டும் பக்கத்தில் ஒரு ஆள் நடக்க இடமும் மட்டும்தான். ஆயிலர் அதில் தனியாகப் போய்ப் பேரிங்குகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும். என் காலத்திலேயே எனக்கு அது பிடிக்காது. தலைக்கு மேல் குண்டும் வெடிமருந்தும் இருக்கும்போது போனவனை நினைத்தால் இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

சுந்தரி_கும்பகோணம்:

ஆட்டுக்கல் உவமைக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு ஐயா. எங்கள் பாட்டி பேசிக்கொண்டே, கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே ஆட்டுவார். கை மட்டும் தப்பாது.

கணக்குப்பிள்ளை:

தலைப்புக்கு ஏற்ற சில எண்கள். லிபர்ட்டி கப்பல்கள் 1941 முதல் 1945 வரை 18 தளங்களில் 2,710 கட்டப்பட்டன. நீளம் 441 அடி, வேகம் 11 நாட், சுமார் 10,000 டன் ஏற்றலாம். ஒரே கப்பலில் 2,840 ஜீப் அல்லது 440 டாங்கி கொள்ளும் என்பது அன்றைய விளம்பரக் கணக்கு.

வடிவம் பிரிட்டிஷ்காரர்களுடையது. சண்டர்லாந்தில் இருந்த தாம்ப்சன் கப்பல் தளத்தின் வரைபடத்தை 1940-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், 60 கப்பல் கட்டித் தரச் சொன்னார்கள். அமெரிக்கர்கள் அதையே தகடுகளை இணைக்கும் ஆணிக்குப் (ரிவெட்) பதில் வெல்டிங்கும், நிலக்கரிக்குப் பதில் எண்ணெயுமாக மாற்றிக்கொண்டார்கள். முதல் கப்பல் பேட்ரிக் ஹென்றி, 1941 செப்டம்பர் 27 அன்று பால்டிமோரில் இறங்கியது. 'விடுதலை கொடு, இல்லையேல் சாவைக் கொடு' என்று முழங்கியவரின் பெயர் அது. லிபர்ட்டி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

பொறியாளன்_2003:

ஒரு சந்தேகம். 1943-ல் டர்பைன் இருந்தது, டீசல் இருந்தது. பிறகு ஏன் பாட்டன் காலத்து நீராவி எஞ்சின்? அமெரிக்காவிடம் பணமா இல்லை?

பழைய அஞ்சாவது:

டர்பைனுக்குத் துல்லியமான பல்சக்கரம் வெட்ட வேண்டும். அந்த எந்திரங்களும் ஆட்களும் கடற்படைக்கே போதவில்லை. இந்த எஞ்சினை ஓரளவு பெரிய வார்ப்படப் பட்டறை எதிலும் செய்துவிடலாம். ஓட்டவும் எளிது. நேற்று வரை வயலில் இருந்த பையனுக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்து அனுப்பலாம். கெட்டுப்போனால் சுத்தியலும் ஸ்பேனரும் வைத்து நடுக்கடலில் சரி செய்துகொள்ளலாம்.

மூன்று சிலிண்டர் ஏன் என்று பலர் கேட்பார்கள். கரும்புச்சாறு கடைக்காரர் ஒரே கரும்பை மடித்து மடித்து மூன்று தடவை விடுகிறார் இல்லையா? முதல் தடவை வேகமாகச் சாறு வரும், கடைசியில் சக்கையிலிருந்து சொட்டுச் சொட்டாக. நீராவியும் அப்படித்தான். முதல் சிலிண்டரில் முழு அழுத்தம், அடுத்ததில் குறைவு, மூன்றாவதில் மிச்சம் மீதி. அழுத்தம் குறையக் குறைய நீராவி விரியும், அதனால் சிலிண்டர் பெரிதாகிக்கொண்டே போகும். முதலாவதின் விட்டம் 24½ அங்குலம், கடைசி 70 அங்குலம்.

விசைப்பலகை வீரன்:

இந்தக் கப்பல்கள்தானே நடுக்கடலில் இரண்டாக உடைந்தன? 4 நாளில் அவசரக் கோலமாகக் கட்டினால் வேறென்ன ஆகும்? பெண்களையும் கற்றுக்குட்டிகளையும் வைத்து வெல்டிங் அடித்தார்கள் என்று படித்தேன்.

கணக்குப்பிள்ளை:

4 நாளில் கட்டியது ஒன்றே ஒன்று. ராபர்ட் ஈ. பியரி, 1942 நவம்பரில் ரிச்மண்ட் தளத்தில், 4 நாள் 15½ மணி நேரம். பாகங்களை முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்துவிட்டு நடத்திய விளம்பரக் காட்சி அது. மற்றவற்றுக்குப் பொதுவாக ஆறு, ஏழு வாரம் ஆயிற்று.

உடைந்தது உண்மை. 1943 நவம்பரில் ஜான் பி. கெய்ன்ஸ் அலூஷியன் தீவுகள் பக்கம் இரண்டாகப் பிளந்தது, 10 பேர் இறந்தார்கள். ஆனால் பழியைத் தூக்கி வெல்டிங் செய்த பெண்கள் தலையில் போடாதீர்கள். கேம்பிரிட்ஜில் இருந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானிதான் இதைத் துப்புத் துலக்கினார். குற்றம் எஃகில் இருந்தது. குறிப்பிட்ட குளிருக்குக் கீழே போனால் அந்த எஃகு வளையாமல் கண்ணாடி மாதிரி விரிசல் விடும். சரக்கு அறை வாயின் கூர்மையான சதுர மூலையில் விரிசல் தொடங்கும். ஆணியடித்த கப்பல் என்றால் தகட்டின் ஓரத்தோடு அது நின்றுவிடும். முழுக்க வெல்டிங் என்றால் நிற்க இடமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். துணி கிழியும்போது தையல் வந்தால் நிற்கிறதே, அந்தத் தையல் இதில் இல்லை. பிறகு மூலைகளை வளைத்து, குறுக்கே ஆணியடித்த பட்டைகளைச் சேர்த்தார்கள்.

விசைப்பலகை வீரன்:

சரி, பெண்கள் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. வாபஸ்.

தோணித்துறை:

எஞ்சினையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள் அண்ணாச்சி. சரக்குக் கப்பலுக்குச் சரக்குதானே உயிர்? அப்பா தூத்துக்குடியில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தார். அந்தக் காலத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தண்ணீர் ஆழம் பத்தாது என்று கடலில் தள்ளி நங்கூரம் போடும். தோணியில் கொண்டுபோய்த்தான் ஏற்ற வேண்டும். நானும் கொஞ்ச வருஷம் விஞ்ச் ஓட்டினேன்.

பெட்டி (கன்டெய்னர்) கப்பல் வந்த பிறகு பிறந்தவர்களுக்கு இது புரியாது. லிபர்ட்டியில் ஐந்து சரக்கு அறை. ஒவ்வொன்றின் வாயும் எப்படி மூடியிருக்கும் தெரியுமா? குறுக்கே இரும்பு உத்திரம், அதன் மேல் மரப்பலகைகள், பலகை மேல் இரண்டு மூன்று அடுக்குத் தார்ப்பாய், ஓரத்தில் இரும்புப் பட்டை வைத்து இறுக்கி மர ஆப்பு அடித்திருக்கும். பத்தாயிரம் டன் கப்பலுக்குள் தண்ணீர் போகாமல் காப்பது கடைசியில் ஒரு ஆப்பும் தார்ப்பாயும்தான். புயலில் தச்சர் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து ஆப்பு தளர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்.

உள்ளே அடுக்குவது தனி வித்தை. கனமானதை எல்லாம் அடியில் போட்டால் பத்திரம் என்று புதிதாக வருகிறவன் நினைப்பான். தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையைத் தள்ளிப் பாருங்கள், வெடுக்கென்று நிமிரும். அடி கனத்த கப்பலும் அதே மாதிரி வெடுக் வெடுக்கென்று ஆடும். மேல்தளத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிற டாங்கி, ரயில் எஞ்சின் எல்லாம் அறுத்துக்கொண்டு போகும். மேல் கனத்தால் சாய்ந்தது சாய்ந்தபடியே தயங்கி நிற்கும், அது இன்னும் மோசம். அதனால் குண்டையும் நடு அடுக்கு வரை பிரித்துத்தான் வைக்க வேண்டும். அதற்கு மேல், எந்தத் துறைமுகத்தில் எது முதலில் இறங்க வேண்டுமோ அது மேலே வர வேண்டும். எதன் பக்கத்தில் எது இருக்கக் கூடாது என்பது வேறு.

அப்பா சொல்வார்: கப்பலின் விதியைக் கேப்டன் எழுதுவதில்லை, கரையில் சரக்கு அடுக்குகிறவன் எழுதுகிறான்.

நெய்தல் மஞ்சு:

மேல்தள ஆட்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அட்லாண்டிக்கில் பத்துப் பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு நாலைந்து கப்பல் என்று கூட்டமாகப் போவார்கள். அந்த அணியில் தன் இடத்தை விடாமல் இருப்பதுதான் ராத்திரி முழுக்க வேலை. எந்தக் கப்பலிலும் விளக்கு கிடையாது. முன்னால் போகும் கப்பலின் கறுப்பு உருவத்தைப் பார்த்துக்கொண்டே மேலிருந்து எஞ்சின் அறைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்: இரண்டு சுற்றுக் கூட்டு, ஒரு சுற்றுக் குறை. பனிமூட்டம் வந்தால் ஒவ்வொரு கப்பலும் பின்னால் கயிற்றில் ஒரு மரச்சட்டத்தை இழுத்து வரும். அது தண்ணீரைக் கிழித்துப் பீய்ச்சி அடிக்கும். பின்னால் வருகிறவன் கப்பலைப் பார்க்க மாட்டான், அந்த நீர்ப்பீச்சலைப் பார்த்துத்தான் ஓட்டுவான்.

குப்பையைப் பகலில் கடலில் கொட்டக் கூடாது. மிதக்கும் காய்கறித் தோலைப் பிடித்துக்கொண்டே நீர்மூழ்கி வந்துவிடும். புகைபோக்கியில் கரும்புகை வந்தால் அணித்தலைவர் கப்பலிலிருந்து கொடி ஏறும், அது திட்டுத்தான். புகைக்குழாய் சுத்தம் செய்வதெல்லாம் இருட்டிய பிறகு. தூங்கும்போது உடுப்போடு, மிதவைச் சட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அறைக் கதவை மூட மாட்டார்கள், கொக்கி போட்டுத் திறந்தே வைப்பார்கள். வெடிப்பில் சட்டம் கோணினால் கதவு திறக்காது.

மற்ற நேரமெல்லாம் என்ன? துரு சுரண்டுவது. பெயின்ட் அடிப்பது. மறுபடி துரு சுரண்டுவது.

எனக்குக் கொடுமையாகப் படுவது, பக்கத்துக் கப்பல் அடிபட்டால் நிற்கக் கூடாது என்ற கட்டளை. மீட்க என்று தனிக் கப்பல் கடைசியில் வரும், வந்தால் வரும். தண்ணீரில் கிடக்கிறவன் கத்துவது கேட்கும், எஞ்சின் அதே சுற்றில் ஓட வேண்டும்.

பொறியாளன்_2003:

துப்பாக்கி, பீரங்கி ஒன்றும் கிடையாதா?

கணக்குப்பிள்ளை:

இருந்தது. அமெரிக்கக் கப்பல்களில் பீரங்கிக்கென்று கடற்படைக் குழுவே தனியாக ஏறும். 1942 செப்டம்பர் 27 அன்று தென் அட்லாண்டிக்கில் ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்ற லிபர்ட்டி, ஷ்டியர் என்ற ஜெர்மன் வேட்டைக் கப்பலோடு மல்லுக்கட்டி அதை மூழ்கடித்துத் தானும் மூழ்கியது. உயிரோடிருந்தவர்கள் படகில் 31 நாள் மிதந்து பிரேசில் கரை சேர்ந்தார்கள், 15 பேர். ஆனால் இது விதிவிலக்கு. பெரும்பாலானவர்கள் போர் முடியும்வரை எதிரியைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

மாட்டுங்கா மணி:

தோணித்துறை அண்ணனின் அப்பா சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கரையில் அடுக்குகிறவன் விதியை எழுதிய கப்பல் எங்கள் ஊர் பம்பாயில்தான் வெடித்தது.

இங்கே வருஷா வருஷம் ஏப்ரல் 14 தீயணைப்புப் படையினர் நாள். நம் புத்தாண்டும் பெரும்பாலும் அதே தேதி என்பதால், கோயிலுக்குப் போகும் வழியில் அணிவகுப்பைப் பார்ப்போம். ஏன் என்று பல காலம் எனக்குத் தெரியாது.

ஃபோர்ட் ஸ்டிகைன். 1942-ல் கனடாவில் கட்டியது, லிபர்ட்டியின் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே பிரிட்டிஷ் வம்சம். 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டிலிருந்து கிளம்பியது. சுமார் 1,400 டன் வெடிபொருள், பெட்டிகளில் பிரித்து வைத்த போர் விமானங்கள், 31 பெட்டித் தங்கக் கட்டி. கராச்சியில் கொஞ்சம் சரக்கு இறங்கியது. போர்க்காலத்தில் காலி இடத்தோடு கப்பல் கிளம்புவது பாவம் இல்லையா? அந்த இடத்தில் ஏற்றியது 8,700 பருத்திப் பொதி. கூடவே எண்ணெய் பீப்பாய், மரம், பழைய இரும்பு, மீன் உரம். இரண்டாம் அறையில் கீழே பருத்தி, அதற்கு மேல் தளத்தில் வெடிபொருள். அதாவது அடுப்பு கீழே, பானை மேலே. கேப்டன் வேண்டாம் என்றுதான் சொன்னார். இடம் இல்லை, வேறு கப்பல் இல்லை, ஏற்று என்று விட்டார்கள்.

ஏப்ரல் 12 அன்று விக்டோரியா டாக்கில் வந்து கட்டியது. வெடிபொருள் இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடி ஏறவில்லை. 14-ஆம் தேதி சாப்பாட்டு வேளை முடிந்து சுமைக்காரர்கள் இறங்கப் போனபோது இரண்டாம் அறையிலிருந்து புகை. தீயணைப்பு வண்டிகள் வந்தன. 900 டன்னுக்கு மேல் தண்ணீர் ஊற்றினார்கள். அதுவே வினையாயிற்று. தண்ணீர் ஏற ஏற, எரியும் பருத்தியும் மிதந்து மேலே ஏறியது, வெடிபொருள் இருக்கும் தளத்தை நோக்கி. கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, கடலுக்கு இழுத்துப் போவதா, நின்று அணைப்பதா? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், முடிவு சொல்ல ஒருவர் இல்லை. கப்பலின் பக்கத் தகடு சூட்டில் பெயின்ட் கொப்பளிக்கத் தொடங்கியது. 4 மணி 6 நிமிடம், முதல் வெடிப்பு. சுமார் அரை மணியில் இரண்டாவது.

அருகில் நின்ற ஜலபத்மா என்ற கப்பலின் பின்புறம் கரையில் இருந்த கொட்டகைக் கூரை மேல் போய் உட்கார்ந்தது. சிம்லாவில் நிலநடுக்கக் கருவி அசைந்தது. ஒரு மைலுக்கு அப்பால் ஒருவர் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு 28 பவுண்டு தங்கக் கட்டி விழுந்தது, அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இறந்தவர்கள் 800 என்றும் 1,300 என்றும் சொல்கிறார்கள். துறைமுகக் கூலிகளுக்கு யார் பதிவேடு வைத்தார்கள்? தீயணைப்பு வீரர்கள் 66 பேர். தணிக்கை காரணமாக நம் பத்திரிகைகள் மே மாதம் வரை எழுத முடியவில்லை. ஜப்பான் கையில் இருந்த சைகோன் வானொலி மறுநாளே சொல்லிவிட்டது. பம்பாயில் வெடித்ததைச் சைகோன் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

விசைப்பலகை வீரன்:

கேப்டன் மறுத்துக் கப்பலைக் கட்டிப் போட்டிருக்கலாமே? பொறுப்பு அவருடையதுதானே.

தோணித்துறை:

தம்பி, போர்க்காலத்தில் சரக்கு எது என்பதை முடிவு செய்வது போக்குவரத்து அதிகாரி. கேப்டன் மறுத்தால் இன்னொரு கேப்டன் வருவார், அவ்வளவுதான். அவரும் அந்த வெடிப்பில்தான் போனார்.

என் ஆதங்கம் வேறு. மேலே இருந்தவர்களுக்காவது உள்ளே என்ன என்று தெரியும். சரக்கு அறைக்குள் இறங்கிய சுமைக்காரனுக்கு யார் சொன்னார்கள்? அன்று காலையில் அவன் மீன் உர நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கியிருப்பான். தான் எதன் மேல் நிற்கிறோம் என்று தெரிந்திருக்காது.

நெய்தல் மஞ்சு:

இத்தாலியில் பாரி துறைமுகம், 1943 டிசம்பர் 2, இதே கதைதான். ஜான் ஹார்வி என்ற லிபர்ட்டியில் கடுகு வாயு என்ற விஷ வாயுக் குண்டுகள் ரகசியமாக வந்திருந்தன. ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. விஷயம் தெரிந்தவர்கள் கப்பலோடு போய்விட்டார்கள். எண்ணெயும் விஷமும் கலந்த தண்ணீரில் நீந்தி வந்தவர்களை, ஈரத் துணியோடு கம்பளி போர்த்தி உட்கார வைத்தார்கள். என்ன என்று மருத்துவர்களுக்கே தெரியாது. மருத்துவமனையில் 83 பேர் இறந்தார்கள்.

வளைகுடா பாலு:

நான் ஏதோ எஞ்சின் கேள்வி கேட்டேன், எங்கேயோ கொண்டுபோய்விட்டீர்கள். படிக்கப் படிக்கக் கனமாக இருக்கிறது. இந்தியர்கள் இந்தக் கப்பல்களில் வேலை செய்தார்களா? அங்கே பலகையில் அமெரிக்கப் பெயர்கள் மட்டும்தான் பார்த்தேன்.

பழைய அஞ்சாவது:

அமெரிக்கக் கப்பலில் குறைவு. பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் நாலில் ஒருவர் நம் ஆள். லஸ்கர் என்பார்கள். சில்ஹெட்காரர்கள் கொதிகலனில், ரத்னகிரி, குஜராத் பக்கத்தவர்கள் மேல்தளத்தில், கோவாக்காரர்கள் சமையல், பரிமாறல். தமிழர்கள் அதில் சொற்பம்தான், இல்லாததைச் சொல்ல வேண்டாம்.

நான் சேர்ந்தபோது அந்தத் தலைமுறையின் கடைசி ஆட்களோடு வேலை செய்தேன். அவர்கள் பேச்சில் எண்ணெய் விடுகிறவன் தேல்வாலா, தீயைப் பார்க்கிறவன் ஆக்வாலா, கரி தள்ளுகிறவன் கோய்லாவாலா. மேஸ்திரி செராங், அவருக்குக் கீழே டிண்டல், சமைக்கிறவர் பண்டாரி. எங்கள் எஞ்சின் செராங் சில்ஹெட் கிழவர். போரில் இரண்டு தடவை கப்பல் கவிழ்ந்து தப்பியவர். அதைப் பற்றிக் கேட்டால் பேசவே மாட்டார். ஆனால் எந்தத் துறைமுகத்திலும் கதவை மூடிக்கொண்டு தூங்கியதில்லை. மஞ்சு எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு ஏன் என்று உறைக்கிறது. அறுபது வருஷம் கழித்து!

சம்பளம் வெள்ளைக்கார மாலுமிக்குக் கொடுத்ததில் நாலில் ஒரு பங்கு, சில இடத்தில் அதுவும் இல்லை. 1939-ல் போர் தொடங்கியதுமே பல துறைமுகங்களில் வேலையை நிறுத்திக் கூலி உயர்வு கேட்டார்கள். நிறையப் பேரைச் சிறையில் போட்டார்கள். ஆனால் உயர்வும் கிடைத்தது. போர் முடிவதற்குள் இறந்த இந்திய மாலுமிகள் சுமார் 6,600 பேர் என்று கணக்கு.

கணக்குப்பிள்ளை:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். 1941 மே வரை பிரிட்டிஷ் கப்பல்களில் ஒரு வழக்கம்: கப்பல் மூழ்கிய அன்றோடு மாலுமியின் சம்பளமும் நின்றுவிடும். படகில் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கும் நாளெல்லாம் அவர் வேலையில் இல்லாதவர். அமெரிக்காவில் வணிகக் கப்பல் மாலுமிகளைப் போர் வீரர்களாக ஏற்றுக்கொண்டதே 1988-ல்தான்.

திருமலை வாசன்:

எங்கட திருகோணமலையிலும் இப்படி ஒன்று கிடந்தது, ஒருவரும் சொல்லவில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் துறைமுகத்துக்குக் குண்டு போட்டபோது சகாயிங் என்ற கப்பல் தீப்பிடித்தது. விமானங்கள், வெடிமருந்து, அதோடு விஸ்கியும் பியரும் சரக்கு. பிறகு 1943-ல் எரிந்த கப்பலைத் தாழ்த்தி, அதன் மேல் ஜெட்டி மாதிரிப் பாவித்தார்கள். செத்த பிறகும் வேலை வாங்கியிருக்கிறார்கள் பாருங்கோ. 2018 மார்ச்சில்தான் கடற்படை அதைத் தூக்கி எடுத்தது. அந்த விஸ்கி என்னவானது என்று எங்கட ஊரில் ஆளுக்கொரு கதை இருக்கு, ஒன்றையும் நம்ப வேண்டாம்.

சுந்தரி_கும்பகோணம்:

எனக்கு ஒரு சின்னக் கேள்வி. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலியாகவா வருவார்கள்?

தோணித்துறை:

காலியாக வந்தால் விசிறி தண்ணீருக்கு மேலே சுற்றும் அம்மா. அடியில் எடை வேண்டும். கல், மணல், கிடைத்தது எதுவோ அது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம் குண்டு வீச்சில் இடிந்த செங்கல்லையும் கல்லையும் அப்படி ஏற்றிக்கொண்டு வந்து நியூயார்க்கில் கொட்டினார்கள். ஈஸ்ட் ஆற்றங்கரையில் அதன் மேல் சாலையே போகிறது. பிரிஸ்டல் பேசின் என்று பெயர்.

வளைகுடா பாலு:

எல்லோருக்கும் நன்றி. மாமனாருக்கு முழு இழையையும் படித்துக் காட்டினேன். ஆட்டுக்கல் பகுதியில் நிறுத்தச் சொல்லி, "அஞ்சாவது சொல்றது சரி, ஆனா நாங்க புறங்கையாலதான் தொடுவோம், உள்ளங்கை சீக்கிரம் மரத்துப் போயிடும்" என்றார். ஐயா இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், இல்லையென்றால் வீட்டில் நிம்மதி இருக்காது. ஊருக்குக் கிளம்புவதற்குள் இன்னொரு தடவை கூட்டிப் போகச் சொல்கிறார். எஞ்சின் ஓடும் நாளைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

பழைய அஞ்சாவது:

அனல் மின் நிலையத்து பேரிங் நின்ற இடத்திலேயே இருக்கும், புறங்கையை வைத்துப் பார்க்கலாம். இது சுற்றிக்கொண்டு வரும். புறங்கையை நீட்டினால் விரல் மாட்டும். உள்ளங்கையைத் தட்டையாக, விரல்களைச் சேர்த்து, கிராங்க் போகும் திசையிலேயே தடவ வேண்டும். மோதிரம் போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். முழுக்கைச் சட்டை வேண்டாம்.